கை பட்ட இரும்பு

உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் ராணுவ டாங்க் ஒன்றை, மேல் வாசலின் மூடி மட்டும் பாக்கி, ஒட்டி முடித்தேன். பொம்மை என்று சொன்னால் எனக்குப் பிடிக்காது, அது மாடல். போர் பார்த்தது போல் தெரிய, மேலெல்லாம் துரு நிறமும் புழுதிப் பொடியும் பூசினேன்.

"என்னங்க இது, மாவுல பொரட்டி எடுத்த மாதிரில்லா இருக்கு?" என்றாள் மனைவி. எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் ராஜபாளையத்தில் ஒரு டீக்கடை முன்னால் ஆலங்குளத்து சிமெண்ட் லாரி நின்றது. வண்டி முழுக்கச் சாம்பல் புழுதி. டீ குடித்த டிரைவர் கைப்பிடியைப் பிடித்து, படியில் கால் வைத்து ஏறினார். அப்போதுதான் பார்த்தேன். கைப்பிடியும் படியின் விளிம்பும் மட்டும் பெயிண்ட் தேய்ந்து வெள்ளியாய் மின்னின. மனுஷன் தொடுகிற இடத்தில் புழுதியும் தங்கவில்லை, துருவும் ஏறவில்லை! லாரி போன பிறகும் அங்கேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்து, இடுக்குகளில் மட்டும் புழுதியை விட்டுவிட்டு டாங்கைத் துடைத்தேன். வீரர்கள் ஏறி இறங்கும் வாசலின் விளிம்பில் பென்சில் கரியை விரலால் தேய்த்தேன். இரும்பு பளபளத்தது.

மனைவி அதைக் கையில் வாங்கினாள். குரல் தானாகத் தாழ்ந்தது.

"ஏங்க, உள்ள ஆளு இருக்காகளா?"

வாசல் மூடியை ஒட்ட எடுத்த பசையைக் கீழே வைத்தேன். இன்றுவரை ஒட்ட மனசு வரவில்லை.