ஒற்றைக் கைக்கு ஒரு ரம்பம்

என் வீட்டுக்காரரின் இடது கை மணிக்கட்டோடு போனது அறுபதுகளின் கடைசியில். நாட்டரசன்கோட்டையில் பிரித்த ஒரு வீட்டின் இரும்பு உத்தரத்தை மாட்டு வண்டியிலிருந்து இறக்கும்போது கயிறு நழுவிவிட்டது. கை அடியில் மாட்டிக்கொண்டது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டே வந்தார். அந்தத் துண்டை விலக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "வலது கை தப்பிச்சதே, அதுவே பெருசு." அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். இரும்பு வேலையில் வலது கை சுத்தியல் பிடிக்கும், ரம்பம் இழுக்கும். ஆனால் இடுக்கியைப் பிடிப்பது இடது கை. கம்பி அறுக்கிற ஆக்ஸாவின் முன்பக்கத்தைப் பிடித்து நேராக ஓட விடுவதும் இடது கைதான். ஒரு கையால் இழுத்தால் பிளேடு கோணிக்கொண்டு ஒடிந்துவிடும். அவர் வைஸில் கம்பியை இறுக்கிவிட்டு, ஒடிய ஒடியப் புது பிளேடு மாட்டி அறுத்துப் பார்த்தார். பிறகு ஆக்ஸாவை ஆணியில் மாட்டிவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

காரைக்குடியிலிருந்து அமராவதிபுதூர் போகும் ரோட்டில் எங்கள் பட்டறை. தகரக் கொட்டகைதான். ஜன்னல் கம்பி, கேட், வண்டிப் பட்டை என்று வேலை வந்துகொண்டிருந்த இடம். கூட வேலை பார்த்தவர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார். அவருக்கும் குடும்பம் இருந்தது, குறை சொல்ல முடியாது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தப் பட்டறை ஓடாவிட்டால் இந்த மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார் என்பதுதான் எனக்கு அப்போது பயமாக இருந்தது. சாப்பாட்டைப் பற்றிக்கூட அவ்வளவு பயம் இல்லை.

அந்த ரம்பம் வந்தது நாச்சியாபுரத்துச் செட்டியார் ஒருவரிடமிருந்து. பினாங்கில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்து, அதை மூடிவிட்டு ஊரோடு வந்தவர். அவர் வீட்டு கேட் இவர் செய்தது. கை போன செய்தி கேட்டு ஆள் விட்டுக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். பெட்டியைத் திறந்து, பச்சை பெயிண்ட் அடித்த ஒரு மிஷினை வெளியே எடுத்து வைத்தார்கள். கைக்குழந்தை கனம் இருக்கும். இரண்டு சக்கரம், அவற்றைச் சுற்றி ஒரு நீள பிளேடு, பெல்ட் மாதிரி. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் பிளேடு வெளியே தெரியும். அங்கேதான் இரும்பை அறுக்கும்.

"கடையில விக்காமக் கெடந்துச்சு ஆசாரி. குழாய் இருக்கிற எடத்துக்கே தூக்கிட்டுப் போயி அறுக்கலாம். இங்க பாருங்க, முன்னால ஒரு பிடி, பின்னால ஒரு பிடி."

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். காட்டும்போதே அவருக்கு உறைத்துவிட்டது. முகம் சுருங்கிப்போய் மிஷினை மெதுவாகக் கீழே வைத்தார். உள்ளேயிருந்து அவர் வீட்டு ஆச்சி, "அவுகளுக்கு மோர் கொண்டாரச் சொல்லவா?" என்று கேட்டார்கள்.

என் வீட்டுக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையால் அதை மல்லாக்கத் திருப்பினார். பிளேடு மேலும் கீழுமாக நிற்கிற மாதிரி நிமிர்த்தி வைத்தார்.

"நாம இதைத் தூக்கிட்டு இரும்புக்கிட்டப் போகணும்னு என்ன இருக்கு? இது நிக்கட்டும். இரும்பு வரட்டும்," என்றார்.

கை போன பிறகு அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

ஸ்டாண்டு செய்ய ரொம்ப நாள் ஆனது. பட்டறை மேஜை மேல் உட்காருகிற மாதிரி எல் ஆங்கிளில் ஒரு சட்டம். அதன் தலையில் ஒரு இரும்புத் தகடு, பிளேடு புகுந்து போக அதில் ஒரு வெட்டு. முன் பிடியைக் கழற்றிவிட்டு அந்தத் திருகு ஓட்டையிலேயே போல்ட் போட்டு மிஷினைச் சட்டத்தோடு இறுக்கினார். பின் பிடியைச் சுற்றி ஒரு பட்டை. இதையெல்லாம் அவர் செய்தார் என்று எழுதுகிறேன். பிடித்தது நான். துளை போடும்போது தகட்டைப் பிடித்தேன், சுத்தியல் அடிக்கும்போது இடுக்கியைப் பிடித்தேன். முதலில் ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடிக்கொள்வேன்.

"கண்ண மூடுனா கை நகரும். எங்கிட்ட இன்னொரு கை இல்ல, உன் கையையும் விட்றாத," என்பார்.

பிளக்கில் தட்டையான முள் இருந்தது. அதை வெட்டிவிட்டு நம் ஊர் பிளக் போட்டோம். முதல் தடவை அறுத்த கம்பி கோணலாக வந்தது. மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் தகட்டுக்கும் பிளேடுக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தது. சட்டத்துக்கு அடியில் தகரத் துண்டுகளைக் கொடுத்து, இறுக்கி, அறுத்து, மறுபடி தளர்த்தி, இன்னொரு துண்டு கொடுத்து என்று அன்று முழுவதும் போனது. சாயங்காலம் அறுத்த துண்டை என் கையில் கொடுத்தார். வெட்டிய முகம் சூடாக இருந்தது. அறுத்த சேனைக்கிழங்கு போல நேராக, மழமழவென்று இருந்தது.

"மட்டம் வச்சுப் பாரு," என்றார்.

வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் தெரியவில்லை.

மிஷினின் விசையை சைக்கிள் டியூப்பால் இழுத்துக் கட்டியாகிவிட்டது. இனி சுவரிலிருக்கும் சுவிட்ச் போட்டால் ஓடும், அமர்த்தினால் நிற்கும். ஆனால் அவருடைய ஒரே கை கம்பியைத் தள்ளிக்கொண்டிருக்கும். கம்பி சிக்கினால் அதை விட்டுவிட்டு சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனால் கம்பி துள்ளி மேலே அடிக்கும். அதனால் சுவரோரம் ஒரு முக்காலி போட்டு, சுவிட்ச் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். மிஷின் சத்தத்தில் பேச்சு கேட்காது. தாடையைத் தூக்கினால் போட வேண்டும். தலையை அசைத்தால் அமர்த்த வேண்டும்.

நான் எட்டாவது வரை படித்தவள். கடைக்குப் போனால்கூட விலை கேட்கக் கூச்சப்பட்டு, பக்கத்தில் நிற்பவர் கேட்கும்வரை காத்திருப்பேன். ரோட்டைப் பார்த்த பட்டறையில் ஊர் பார்க்க உட்காருவது எனக்கு எப்படி இருந்திருக்கும்? எதிரே டீக்கடை. அங்கே எப்போதும் நாலு பேர்.

"என்ன ஆசாரி, புதுசா ஆள் வச்சிருக்கீக போல. சம்பளம் எம்புட்டு?"

"சோறு போட்டாப் போதும்னு வந்திருக்கா," என்பார் இவர்.

"அந்தச் சோத்தையும் அவுகதான ஆக்கணும்!"

எல்லோரும் சிரிப்பார்கள். அந்த வருஷங்களில் கரண்ட் நினைத்தபோது போகும். போனால் போதும், டீக்கடைக்காரர் அங்கிருந்தே கத்துவார். "ஆத்தா, சுவிச்சப் போடுத்தா, ஊரே இருண்டு கெடக்கு!" நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் சிரிக்கிறார் என்பதற்காக எனக்கு அந்த டீக்கடைக்காரரைப் பிடித்துப்போனது.

வேலை வந்தது. கிரில் வெல்டிங் செய்கிற கடைக்காரர் கம்பிகளை வண்டியில் அனுப்புவார், அளவுக்கு அறுத்துக் கொடுப்போம். சீலை கிழிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். எழுபதுகளின் தொடக்கத்தில் அப்படிக் கொஞ்ச காலம் போனது. அது கொஞ்ச காலம்தான் என்று அப்போது தெரியாது.

செட்டியார் கொடுத்த பெட்டியில் சில பிளேடுகள் இருந்தன. ஒன்று பல் தேய்ந்துபோனது. இன்னொன்று, மெல்லிய குழாயை அறுக்கும்போது பல் உதிர்ந்துபோனது. அடுத்தது ஒடிந்தது. கடைசி பிளேடு மாட்டியபோது மதுரைக்குப் போய்க் கடை கடையாகக் கேட்டார். மரம் அறுக்கிற பெரிய பிளேடு இருக்கிறது என்றார்கள். இந்த அளவில், இரும்புக்கு என்று யாரிடமும் இல்லை. செட்டியாரிடம் போனோம். அவர் மேல்துண்டை மடித்து மடித்து விரித்தார்.

"அங்குட்டு யாரு இருக்கா ஆசாரி, எழுதிக் கேக்க? கடையே இல்லையே."

அந்தக் கடைசி பிளேடும் ஒருநாள் அறுந்தது. பல் எல்லாம் நன்றாக இருந்தது, ஓர் இடத்தில் அறுந்துவிட்டது, அவ்வளவுதான். அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் அண்ணனிடம் போனோம். அண்ணன் நகை ஆசாரி. சங்கிலி அறுந்தால் ஒட்டுகிறவர், இதை ஒட்ட மாட்டாரா என்று இவர்தான் யோசித்தார்.

அண்ணன் பிளேடைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். "மாப்ள, நீங்க கொண்டுவர்ற நகையே ஒரு தினுசா இருக்கே."

"கிண்டல அப்புறம் பண்ணுங்க மச்சான். ஒட்டுமா ஒட்டாதா?"

இரண்டு முனையையும் சரிவாகத் தேய்த்து, ஒன்றின் மேல் ஒன்று படுக்க வைத்து, வெண்காரம் தடவி, வெள்ளிப் பொடி வைத்து ஊதினார். ஒட்டியது. வளையத்தை என் இடுப்புப் பக்கம் நீட்டி, "ஒனக்கு ஒட்டியாணம் போட்டு அனுப்பலன்னு எத்தன வருசமா ஒங்க வீட்டுல குறை சொன்னாக. இந்தா, போட்டாச்சு," என்றார். அன்றையிலிருந்து அந்த பிளேடுக்கு எங்களுக்குள் ஒட்டியாணம் என்றே பேர்.

ஒட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சூடு பட்டதால் ஒட்டுக்குப் பக்கத்து இரும்பு கெட்டுவிடும். கொஞ்ச நாள் ஓடும், பிறகு அங்கே அறும். அறுந்த இடத்தை வெட்டிவிட்டு மறுபடி முனைகளைச் சரிவாகத் தேய்க்க வேண்டும், மறுபடி ஒன்றின் மேல் ஒன்று ஏற்ற வேண்டும். ஒவ்வொரு ஒட்டுக்கும் வளையம் ஒரு விரல் அகலம் சின்னதாகும். இரண்டு சக்கரங்களில் ஒன்றை முன்னே பின்னே நகர்த்த ஒரு நெம்புகோல் உண்டு. முதலில் அதைக் கொஞ்சம் தளர்த்தினால் பிளேடு ஏறியது. பிறகு பாதி தளர்த்த வேண்டியிருந்தது. பிறகு முழுவதும்.

"இடுப்பு சிறுத்துக்கிட்டே வருது மாப்ள," என்று அண்ணன் ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒட்டும்போது முனைகளை எவ்வளவு குறைவாகத் தேய்க்க முடியுமோ அவ்வளவு குறைவாகத் தேய்த்தார். ஒன்றின் மேல் ஒன்று ஏற்றுவதையும் குறைத்தார். அதனால் ஒட்டு சீக்கிரமே விட்டது. கூடுதலாக ஏற்றினால் வளையம் சிறுக்கும், குறைவாக ஏற்றினால் நிற்காது. மூன்று பேரும் அந்தச் சின்ன இடத்துக்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் ஒருநாள் வளையம் சக்கரத்தில் ஏறவில்லை. அவர் நெம்புகோலை அமுக்கிப் பிடித்தார், நான் பிளேடை இழுத்து மாட்டப் பார்த்தேன். என் விரலில் பல் ஏறி ரத்தம் வந்தது. கொஞ்சம்தான் பற்றவில்லை, ஒரு நெல் அளவு இருக்கும். சக்கரத்தைத் தாங்குகிற துண்டைக் கழற்றி, அது போய் இடிக்கிற இடத்தை அரத்தால் தேய்த்தோம். நான் துண்டைப் பிடித்துக்கொள்ள, அவர் தேய்த்தார். தேய்க்கிற வரை தேய்த்தும் பற்றவில்லை.

"லேசா வளைச்சாப் போதும். காய்ச்சி ஒரு தட்டு தட்டுனா உள்ள போயிரும்," என்றார்.

அந்தத் துண்டு இரும்பு இல்லை, அலுமினியம். அவருக்கும் தெரியும்.

"ஏங்க, அலுமினியச் சட்டிய அடுப்புல மறந்து விட்டா ஓட்ட விழுந்துருதே."

"அது சட்டி, தகடு. இது கட்டி." துண்டைக் கையில் புரட்டிவிட்டு, "வேற என்ன செய்யச் சொல்ற?" என்றார்.

கரி போட்டு உலை மூட்டினோம். நான் ஊதுகிற சக்கரத்தைச் சுற்றினேன். அவர் இடுக்கியில் துண்டைப் பிடித்து நெருப்பில் காட்டினார். இரும்பைக் காய்ச்சினால் அது நிறம் காட்டும். கருப்பு, கருஞ்சிவப்பு, செஞ்சிவப்பு என்று இந்த நேரத்தில் அடி என்று அதுவே சொல்லும். பிள்ளைப் பருவத்திலிருந்து அந்த நிறத்தைப் பார்த்தே வேலை செய்தவர் அவர். அந்தத் துண்டிலும் நிறம் வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றார். பெயிண்ட் கருகிப் புகைந்தது. பிறகு துண்டு வெள்ளையாக, அப்படியே இருந்தது. சிவக்கவே இல்லை. "இன்னும் சுத்து," என்றார். சுற்றினேன். சிவக்காமலே அது ஒரு பக்கம் தொங்கியது. அவர் இழுப்பதற்குள் பாதி கரியில் சொட்டிவிட்டது.

இடுக்கியில் மிச்சம் இருந்ததை ரொம்ப நேரம் பார்த்தார். திட்டவில்லை, தூக்கி எறியவும் இல்லை. மேஜை மேல் அதை வைத்துவிட்டு, ஸ்டாண்டில் நின்ற மிஷின் மேல் ஒரு சாக்கை எடுத்துப் போர்த்தினார். நான் சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்தவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"போதும், விடு," என்றார்.

பட்டறையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். வைஸையும் உலையையும் சேர்த்தே கொடுத்தோம். ஸ்டாண்டை மட்டும் அவர் வேண்டாம் என்றுவிட்டார். அந்த மிஷினின் அளவுக்கென்றே செய்தது, வேறு எதற்கும் பொருந்தாது. இப்போது எங்கள் கொல்லையில் கிடக்கிறது. மழை பெய்தால் அந்தத் தகட்டின் வெட்டு வழியாகத் தண்ணீர் ஒழுகும். அண்ணன் கடைசியாக ஒட்டிய ஒட்டியாணம் சமையல்கட்டு ஆணியில் தொங்குகிறது. துருப் பிடித்துவிட்டது.

என் வீட்டுக்காரர் ஒரு மில்லில் வாட்ச்மேனாக இருக்கிறார். கேட்டைத் திறந்து மூடுகிற வேலை. அதற்கு ஒரு கை போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். வேலை முடிந்து வந்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். பட்டறை இருந்த நாட்களில் வீட்டிலும் அந்தப் பழக்கம் எங்களுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் தாடையைத் தூக்கினால் நான் லைட்டைப் போடுவேன், தலையை அசைத்தால் அமர்த்துவேன். இரண்டு பேரும் அதைக் கவனித்ததுகூட இல்லை.

இப்போது இருட்டியதும் நான் சுவிட்ச் பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்க்கிறேன். அவர் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "லைட்டப் போடு," என்று வாயால் சொல்கிறார்.