காறை எலும்பும் வீட்டுச் சாவியும்

என் அக்கா வீட்டுக்காரர் பூட்டுக்காரர். முப்பது வருடமாக ஊரார் பூட்டையெல்லாம் திறந்துவிட்டவர், ஒருநாள் தன் வீட்டுச் சாவியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார். திரும்பிப் போகச் சோம்பல். சுவரேறிக் குதித்தார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கும் காறை எலும்பு, வலது பக்கம் முறிந்தது. நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்தேன்.

ஆறு வாரம் கையை மடக்கிக் கழுத்தோடு தூக்கிக் கட்டியிருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் மாமா கையைத் தோளுக்கு மேலே தூக்கவில்லை. மறுபடி முறிந்துவிடும் என்று பயம். அவர் கடையில் இன்னும் பல் வெட்டாத சாவிகள் எல்லாம் தலைக்கு மேலே ஆணிகளில் தொங்கும். கை எட்டாவிட்டால் கடையே இல்லை. அக்கா கெஞ்சினாள், நான் கேலி செய்தேன். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பிசியோதெரபி தரும் பெண் ஒருநாள் எக்ஸ்ரேயைக் காட்டிப் பேச்சுக் கொடுத்தாள். "இதுக்கு இங்கிலீஷ்ல கிளாவிகிள்னு பேரு சார். லத்தீன்ல சின்னச் சாவின்னு அர்த்தம்."

மாமாவுக்குச் சுருக்கென்றது. "இதுவா சாவி? பல்லு எங்க? பேர் வெச்சவன் சாவியவே பார்த்ததில்லம்மா!"

"அந்தக் காலத்துச் சாவி இப்படி வளைஞ்சு இருக்குமாம். கையத் தூக்கினா இது சாவி மாதிரி திரும்புதுன்னும் சொல்றாங்க."

"திரும்புதா?"

வீட்டுக்கு வந்ததும் என்னைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். என் காறை எலும்பின் மேல் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடினார். பூட்டுக்குள் கம்பி விட்டுத் துழாவும்போதும் இப்படித்தான் மூடுவார்.

"மாப்ள, கைய மெதுவாத் தூக்கு. இன்னும்... இன்னும் கொஞ்சம்..."

என் கை காதைத் தொட்டபோது அவர் முகம் மலர்ந்தது. "திரும்புதுடா!"

உடனே இடது கை விரலைத் தன் வலது எலும்பில் வைத்துக்கொண்டு கையைத் தூக்க ஆரம்பித்தார். வலியில் முகம் கோணியது. ஆனால் கவனமெல்லாம் சாவி திரும்புகிறதா என்பதிலேயே இருந்தது, பயப்பட மறந்துபோனார். கை தோளைத் தாண்டியது. எனக்கு அப்போது அவரை ரொம்பவே பிடித்தது.

மூன்றாவது வாரம் மேல் ஆணிக்குக் கை எட்டியது. எடுத்த முதல் சாவியைத் தன் வீட்டுக்கே வெட்டிக்கொண்டு வந்து, எலும்புக் கதையை நூறாவது தடவையாக அக்காவிடம் சொன்னார். அவள் அந்தச் சாவியை ஒரு கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"உள்ள இருக்கற சாவியால நம்ம வீட்டுக் கதவு திறக்காது. இதையும் போட்டுக்குங்க."