ஊற்றின் வாயில் ஒரு கல்

ஆய்வுக்காரர்களின் வெள்ளை வண்டி மலையைவிட்டு இறங்கிப்போனது ஜூன் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. புழுதி அடங்கும்வரை க்ரேசியன் இரிகாரே தன் ஆட்டுப்பட்டி வாசலிலேயே நின்றாள். தம்பி பத்தீஸ்த் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தான்.

"மூணு நாள் சுத்தினானுங்கக்கா. ஊத்து மேலயே உக்காந்து ரொட்டி தின்னுட்டுப் போறானுங்க!"

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் அந்தப் பக்கத்து ஆட்டுக்காரர்கள் வெளியாளுக்குத் தண்ணீரைக் காட்ட மாட்டார்கள். வேட்டைக்காரன் வந்தாலும் அரசாங்க வண்டி வந்தாலும் முதல் வேலை ஊற்றின் வாயில் பலகைக் கல்லைத் தள்ளி, மேலே ஜூனிப்பர் மரக் கிளைகளைப் பரப்புவதுதான். இந்த முறை கல்லின் ஒரு முனையைப் பிடித்தவள் க்ரேசியன்.

ஐம்பத்தாறு வயதில் அவளுக்கென்று இருந்தவை அறுநூறு ஆடுகள், பொது நிலத்தில் மேய்க்கும் அனுமதிச் சீட்டு, அந்த ஊற்று. ஊற்றுக்கு மேலே இருந்த சரிவை அரசாங்கம் ஒரு செப்புச் சுரங்கக் கம்பெனிக்குக் கொடுத்து, பதிலுக்குக் கம்பெனியின் காடு ஒன்றை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. கொடுத்தால் எது கெடும் என்று எழுதத்தான் அந்த வண்டி வந்திருந்தது.

பிப்ரவரியில் வரைவு அறிக்கை ஊர் நூலகத்துக்கு வந்தது. அவர்களுடைய பள்ளத்தாக்குக்கு நேரே ஒரே வரி: "நீராதாரம் எதுவும் காணப்படவில்லை, பாதிப்பு இல்லை."

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். இல்லாத தண்ணீரைக் காப்பாற்ற யார் வருவார்கள்?

"உண்மைய எழுதிக் குடுத்துருவோம்டா," என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"என்னன்னு? ஒளிச்சு வெச்சது நாங்கதான்னா? சீட்டக் கிழிச்சு மூஞ்சில எறிவான்."

"சும்மா இருந்தா சுரங்கத்துக்காரன் அடியில உறிஞ்சிருவான்."

"அது அப்பப் பாத்துக்கலாம். நீயா போய்த் தலையக் குடுக்காதக்கா."

கருத்துச் சொல்ல நாற்பத்தைந்து நாள் கெடு. ஒவ்வொரு நாளும் பயம் அவளோடு எழுந்து அவளோடு படுத்தது. சாலையில் வெள்ளையாக எது தெரிந்தாலும் செய்கிற வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தாள்.

நாற்பத்துநான்காம் நாள் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் பொதுக் கூட்டம். ஆளுக்கு இரண்டு நிமிடம். க்ரேசியன் எழுந்து, ஊற்று இருப்பதையும் அதை மூடியதையும் சொன்னாள். பின்வரிசையில் ஒரு பக்கத்துப் பண்ணைக்காரர் குரல் கொடுத்தார்: "அடிப்பாவி, முப்பது வருஷமா எங்கிட்டயுமா மறைச்ச?" கூடம் சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மேசையில் இருந்த அதிகாரிப் பெண் சிரிக்காமல் சொன்னாள்: "வாயால சொன்னா பத்தாதும்மா. வரைபடம், போட்டோ, எழுத்து, எல்லாம் வேணும். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள."

மறுநாள் விடியலில் பனி தூவிக்கொண்டிருந்தது. கடப்பாரையை நெம்பியும் கல் அசையவில்லை. யாரும் கூப்பிடாமலே பத்தீஸ்த் வந்து தோள் கொடுத்தான்.

"போட்டோல என் மூஞ்சி விழக் கூடாது, சொல்லிட்டேன்."

"உன் மூஞ்சிய யாருடா பாப்பா? தள்ளு."

கல் புரண்டது. தண்ணீர் ஆவி விட்டபடி மேலே வந்தது. கடிதத்தில் 'நாங்கள்' என்று எழுதியதை அடித்து, 'மறைத்தவள் நான்' என்று திருத்தினாள். நாலே முக்காலுக்கு அலுவலகத்தில் கொடுத்தாள்.

கோடையில் யாரோ வந்து அளந்துவிட்டுப் போனார்கள். சீட்டைப் பிடுங்க ஆள் வருவான் என்று அவள் சாலையையே பார்த்திருந்தாள். எழுந்ததும் போய் ஊற்றில் கை வைத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று.

இரண்டரை வருடம் கழித்துக் கடிதம் வந்தது:

"கருத்து எண் 318. தாங்கள் குறிப்பிட்ட ஊற்று நேரில் சரிபார்க்கப்பட்டு வரைபடத்தில் சேர்க்கப்பட்டது. மேய்ச்சல் அனுமதியில் மாற்றமில்லை. நிலப் பரிமாற்றம் திட்டமிட்டபடி நடைபெறும். சுரங்கத்தில் நீர் இறைக்கத் தொடங்கிய ஒன்பது ஆண்டுகளுக்குள் இந்த ஊற்று வற்றிவிடும் என மதிப்பிடப்படுகிறது. அதுவரை மாதந்தோறும் நீரின் அளவைப் பதிவுசெய்து அனுப்புமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறோம்."