சுயம்புலிங்கம் எண்ணிய தலைகள்

ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த சுயம்புலிங்கம், சந்தேகப்படுவது தன் குணம் இல்லை, தொழில் என்று சொல்லிக்கொள்வார். சாயம் போகாது என்று ஆலைக்காரன் சத்தியமே செய்தாலும், ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்த பிறகுதான் துணியைக் கடைக்குள் ஏற்றுவார். கோயிலுக்குப் போனால் ஒரு செருப்பை வடக்கு வாசலிலும் இன்னொன்றைக் கிழக்கு வாசலிலும் விடுவார். இப்பேர்ப்பட்ட மனிதரின் ஒரே மகள் சண்முகவடிவு, பி.எஸ்ஸி. முடித்த கையோடு, 1971-ல், விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்று ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

அம்மா இசக்கியம்மாள் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு அழ உட்கார்ந்தாள். சுயம்புலிங்கம் அழவில்லை. விண்ணப்பத்தை நாலு தடவை படித்தார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தும் பார்த்தார்.

"பொம்பளப் பிள்ளைக்கு ஏரோப்ளேன் சொல்லிக் குடுத்து அவனுக்கு என்னளா ஆகப்போவுது?" என்று கேட்டார்.

"யாருக்குப்பா?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

இருந்தும் கையெழுத்துப் போட்டார். அதற்கும் காரணம் சந்தேகம்தான். தடுத்தால் இவள் ஒளிந்து செய்வாள், விட்டால் கண்முன்னால் செய்வாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். ஒவ்வொரு வகுப்புக்கும் அவரும் கூட வருவார். அவர் வராத நாளில் அவளும் போகக் கூடாது. என்றைக்காவது ஏதாவது கோணலாகக் கண்ணில் பட்டால் அன்றோடு படிப்பு சரி.

முதலில் டாக்டர் பரிசோதனை. நெஞ்சைத் தட்டினார்கள், காதைக் குடைந்தார்கள், வண்ணப் புள்ளிகள் நிறைந்த புத்தகத்தைக் காட்டி உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். புள்ளிக்குள்ளே எண் தேடுகிறவன் டாக்டரா ஜோசியனா என்று சுயம்புலிங்கத்துக்கு ஐயம். பிறகு மாணவர் லைசென்ஸ் வந்தது. மேகம், காற்று, எஞ்சின், வான்வழிச் சட்டம் என்று பாடங்கள் வந்தன. அதெல்லாம் பரவாயில்லை. பறக்கிற பாடம்தான் அவருக்கு உறுத்தியது. பயிற்சி விமானத்தில் இருந்தது இரண்டே இருக்கை. அதுவும் தோளோடு தோள் உரசுகிற மாதிரி பக்கத்துப் பக்கத்தில்.

சொல்லிக்கொடுக்கிறவர் ராயப்பேட்டை ஷரஃபுதீன். முன்பு விமானப் படையில் இருந்தவர். நாற்பது வயது, அதிகம் பேசமாட்டார். சுயம்புலிங்கம் சும்மா இருப்பாரா? கடை ஆளை ராயப்பேட்டைக்கு அனுப்பி விசாரித்தார். குடி கிடையாது, சீட்டு கிடையாது, மனைவியும் நாலு பிள்ளைகளும் உண்டு, தெருவில் ஒருத்தர் குறை சொல்லவில்லை என்று ஆள் வந்து சொன்னான். ஒரு மனிதனைப் பற்றி ஒரு குறைகூடக் கிடைக்காதது அவரை இன்னும் அரித்தது.

வாரம் மூன்று நாள், விடியற்காலை மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி, அப்பாவும் மகளும் மீனம்பாக்கத்தில் இறங்குவார்கள். ஷரஃபுதீனைப் போலவே அவளும் வெள்ளைச் சட்டையும் கால்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு போவாள். அவர் விமானக் கொட்டகைக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தலைகளை எண்ணுவார். மேலே போகும்போது இரண்டு தலை, இறங்கும்போதும் இரண்டு தலை, இரண்டுக்கும் நடுவே போதிய இடைவெளி. இதைப் பார்த்தால்தான் அவருக்கு மூச்சு வரும்.

விமானம் துடைக்கிற கபாலி ஒருநாள் கேட்டே விட்டான். "இன்னா நைனா, டெய்லி வந்து குந்திக்கினு கீற? பொண்ணு மேல இருந்து ஓடியா பூடும்?"

"ஒன் வேலையப் பாருடே" என்றார்.

இப்படியே ஐந்து மாதம் ஓடியது. ஷரஃபுதீன் அதட்டவில்லை, அசடு வழியவில்லை, தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இவ்வளவு அழகாக நடிக்கிறவன் எவ்வளவு பெரிய ஆளாக இருக்க வேண்டும் என்று சுயம்புலிங்கம் ரயிலில் யோசித்துக்கொண்டே திரும்புவார்.

1972 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. விமானம் மூன்று சுற்று சுற்றிவிட்டு இறங்கியது. வழக்கம்போலக் கொட்டகைக்கு வரவில்லை. ஓடுபாதையின் கோடியில் நின்றது. கதவு திறந்து, வெள்ளைச் சட்டையும் கால்சட்டையும் தொப்பியுமாக ஒரு ஆள் இறங்கியது. கதவு சாத்திக்கொண்டது. விமானம் மறுபடி ஓடி எழும்பியது. உள்ளே ஒரு தலைதான்.

சுயம்புலிங்கம் எழுந்து நின்று பார்த்தார். அந்தத் தூரத்தில் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவன் ஏதோ சொல்லியிருக்கிறான், இவள் முகத்தில் அடித்தாற்போலப் பேசியிருக்கிறாள், பிள்ளையை நடு வெட்டவெளியில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். கபாலி கத்தக் கத்தப் புல்வெளியில் ஓடினார். அந்த ஆள் நின்றது ஓடுபாதைக்கு அந்தப் பக்கம். இவர் வலது இடது பார்க்காமல் ஓடுபாதையின் குறுக்கே இறங்கினார்.

அதே சமயம் விமானம் சுற்றி முடித்து இறங்க வந்துகொண்டிருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து, இறங்காதே என்று சிவப்பு விளக்கு அடித்தது. தலைக்கு மேலே எஞ்சின் உறுமி, விமானம் தரையைத் தொடாமலே மேலே ஏறிப் போனது.

மூச்சிரைக்க அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால், அங்கே நின்றது ஷரஃபுதீன்.

"அப்போ மேல யாரு?"

"உங்க பொண்ணுங்க. முதல் தடவை தனியா ஓட்டுது."

"கூட?"

"யாரும் இல்லீங்க."

ஐந்து மாதமாக அவள் பக்கத்தில் இருக்கிறானே என்று வெந்தவர், இப்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நீரு ஏன்யா எறங்கினீரு? ஒத்தையில விட்டுட்டு ஏன்யா எறங்கினீரு?"

"நான் இறங்கினாதாங்க அது பைலட். இந்த நாளை முன்கூட்டிச் சொல்ற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. சொன்னா புள்ளைங்க தூங்காது." ஷரஃபுதீனின் கண் வானத்தை விட்டு அகலவில்லை. "இப்ப நீங்க அசையாம நில்லுங்க. நீங்க குறுக்க வந்ததால அது இறங்க முடியாம திரும்பப் போயிருக்கு."

தன் பிள்ளையைத் தானே கொல்லப் பார்த்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். விமானம் சாவதானமாக ஒரு சுற்று சுற்றி வந்து, ஒரு துள்ளல் துள்ளி, நேராக ஓடி நின்றது.

விமானப் பயிற்சிச் சங்கத்தின் செயலாளர் சுப்பராமன் ஆசிரியரையும் மாணவியையும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சுயம்புலிங்கம் வேப்பமரத்தடியில் காத்திருந்தார். தன்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தார். யாரும் கூப்பிடவில்லை.

திரும்புகிற ரயிலில் மெதுவாகக் கேட்டார். "உள்ள என்னளா கேட்டாவ?"

"ஓடுபாதையில நின்னது யாருன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அடையாளம் தெரியலன்னு எழுதிக் குடுத்தேன்."

"அவரு?"

"அவரும் அதையே எழுதினாரு. அறைக்குள்ள போறதுக்கு முன்னாடி நான் கெஞ்சிக் கேட்டேன்." வடிவு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள். "மேல இருந்தே நீங்கதான்னு தெரிஞ்சுதுப்பா. உண்மையச் சொன்னா உங்கள கேட்டுக்குள்ள விடமாட்டாங்க. நீங்க வராட்டா என்னைய நீங்க விடமாட்டீங்க."

ஐந்து மாதமாக அவர் தேடிய கள்ளத்தனம் கிடைத்துவிட்டது. அவருக்குத் தெரியாமல் இரண்டு பேரும் கூடிப் பேசியிருக்கிறார்கள், கூடி மறைத்திருக்கிறார்கள், அவருக்காக. இதுவரை ஒரு பொய்யிலும் பிடிபடாத பெண், முதன்முதலாகத் தனியாகப் பறந்த நாளில் பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இது வெளியே தெரிந்தால் ஷரஃபுதீனுக்கோ வேலையே போய்விடும். சுயம்புலிங்கத்துக்குக் கேவலமாக இருந்தது. கிண்டியில் வண்டி நின்றதும் எழுந்தார்.

"எங்கப்பா?"

"நீ வீட்டுக்குப் போ. ஒங்கம்மைகிட்ட நீ ஒத்தையில ஓட்டினேன்னு சொல்லு."

எதிர் வண்டி பிடித்து மீனம்பாக்கம் போய், சுப்பராமன் முன்னால் நின்று, குறுக்கே ஓடினது நான்தான், அந்தப் பிள்ளையும் அவரும் எனக்காகத்தான் மறைத்தார்கள், அவர்களை ஒன்றும் செய்யாதீர்கள் என்று சொன்னார். சுப்பராமன் அரைமணி நேரம் திட்டினார். பிறகு இரண்டு தாளையும் கிழித்துப் போட்டுவிட்டு, மாணவி தொடரலாம், தகப்பனார் இனி வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை விடியற்காலை வடிவு தனியாக ரயில் ஏறினாள். மறு வருஷம், தன்னந்தனியாகத் திருச்சி வரை ஓட்டிப் போய்த் திரும்பினாள். லைசென்ஸுக்குப் பறந்தாக வேண்டிய நாற்பது மணி நேரத்தை முடித்தாள், பரீட்சைகளும் தேறினாள், அதை வாங்கியும் விட்டாள். சுயம்புலிங்கம் அந்த வாசலைத் தாண்டவே இல்லை. மகள் தனியாக விமானம் ஓட்டி அவர் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அன்றைக்கும் பாதி நேரம் அவர் வேறு யாரையோ பார்த்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்.