பலகைக்குப் பின்னால் பதினோரு வருடங்கள்

பதினோரு வருடங்கள், என்னிடம் ஆங்கிலத்தில் பேச வந்த ஒவ்வொருவரையும் உதட்டில் விரலை வைத்து அடக்கி வந்தேன். நூலக விதி என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உண்மைக் காரணம், அப்போது எனக்கு ஆங்கிலம் பேச வராது.

படிக்க வரும். தடித்த நாவல்களை அகராதி பக்கம் போகாமலே முடித்துவிடுவேன். எழுதவும் வரும், அரைப்புள்ளி எங்கே வைப்பது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஆனால் யாராவது எதிரே நின்று “எக்ஸ்கியூஸ் மீ” என்றால் போதும். அதுவரை படித்த அத்தனை பக்கங்களும் தொண்டைக்கு வந்து, யார் முதலில் வெளியே போவது என்று தள்ளுமுள்ளு நடத்தும். கடைசியில் ஒன்றும் வெளியே வராது.

நான் நூலகனாக இருக்கும் இடம் மலேசியாவில், ரெம்பாவுக்கும் போர்டிக்சனுக்கும் நடுவே, எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டம். முன்பு பிள்ளைக் கொட்டகையாக இருந்த அறை அது. தொட்டில் கட்டிய கொக்கிகள் உத்தரத்தில் இன்னும் இருக்கின்றன. தெமியாங்கில் இருக்கும் வீட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் போய்த் திறப்பேன். வேலைக்குச் சேர்ந்த வாரமே சிரம்பானில் சொல்லி, ‘அமைதி காக்கவும்’ என்று மூன்று மொழிகளில் ஒரு பலகை எழுதி வாங்கி மேசைக்குப் பின்னால் மாட்டினேன். தோட்டத்தில் எனக்குக் கண்டிப்பானவர் என்று பெயர் வந்தது. மலாயில் கேட்பவருக்கு மலாயிலும் தமிழில் கேட்பவருக்குத் தமிழிலும் நான் தாராளமாகப் பதில் சொல்வதை யாரும் கவனிக்கவில்லை.

கவனித்தவர் ஒருவர்தான். நூலகத்தைக் கூட்டித் துடைக்கும் அக்கா. போர்டிக்சன் கடற்கரை ஹோட்டலில் பல வருடம் அறை துப்புரவு செய்தவர். அவருடைய ஆங்கிலத்தில் மொத்தம் நாற்பது சொற்கள் இருக்கலாம். அந்த நாற்பதும் நாள் முழுக்க வேலை செய்யும். என்னிடம் இருந்த பல்லாயிரம் சொற்களும் ஓய்வில் இருந்தன.

“சார், இவ்ளோ தடிதடியா படிக்கிறீங்க. வாயத் தொறந்தா என்ன, புக்கு பறந்தா போயிடும்?” என்பார்.

“நூலகத்தில சத்தம் கூடாதுக்கா.”

“ஆமா லா, ஆளே இல்லாத எடத்துல.”

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள், தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வந்து மேசைமேல் ஏறி உட்கார்ந்தான். என்னைவிடப் பத்து வயது இளையவன். கெட்ட செய்தியை உட்கார்ந்துதான் சொல்வான்.

“அண்ணே, உர ஸ்டோர் ஒழுகுது. மானேஜர் கண்ணு இந்த ரூம் மேல விழுந்திருச்சு.”

“இது நூலகம்டா.”

“அதத்தான் அந்த அம்மா சொல்லணும். அடுத்த வாரம் வராங்க.”

எண்ணெய் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள், தொழிலாளர்களுக்கு வீடு, தண்ணீர், வசதிகள் சரியாக உள்ளனவா என்று பார்த்து வர ஆள் அனுப்பும். அந்த முறை வருவது ஒரு வெள்ளைக்கார ஆய்வாளர் அம்மா. நூலகம் பயனுள்ளது என்று அவர் எழுதினால் அறை தப்பும். இல்லையென்றால் உர மூட்டைகள் உள்ளே, நானும் என் நாவல்களும் வெளியே.

ஒரு வாரம் ஒரு சொற்பொழிவை எழுதி மனப்பாடம் செய்தேன். மிக நல்ல சொற்பொழிவு. அவர் வந்த நேரத்தில் மானேஜருக்கு மில்லிலிருந்து போன் வர, அம்மாவை என் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே வந்து வாயைத் திறந்தார். என் விரல் என்னைக் கேட்காமலே உதட்டுக்குப் போய்விட்டது.

அவர் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையசைத்து, நோட்டை எடுத்துக் கேள்வியை எழுதி என் பக்கம் தள்ளினார். நான் பதிலை எழுதித் தள்ளினேன். அரை மணி நேரம் இப்படியே நடந்தது. அறையில் எங்களைத் தவிர உத்தரத்தில் சுழலும் ஒரு காற்றாடியும் ஒரு பூனையும்தான் இருந்தன. பூனை தூங்கிக்கொண்டிருந்ததால் விதியில் கொஞ்சம் நியாயமும் இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் பதில்களைப் படிக்கப் படிக்க அவர் முகம் கனிந்துகொண்டே போனது. அரைப்புள்ளிகளின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். போகும்போது என் கையை இரு கைகளாலும் பிடித்துக் குனிந்தார். வெளியே கூட்டிக்கொண்டிருந்த அக்காதான் பேசிக்கொண்டே அவரைக் கார்வரை கொண்டுபோய் விட்டார்.

மூன்று வாரம் கழித்துக் கிராணி வந்தான். இந்த முறை நின்றுகொண்டே பேசினான்.

“அண்ணே, ரூம் தப்பிச்சிருச்சு. ரிப்போர்ட்ல ஒங்களத்தான் புகழ்ந்திருக்காங்க.”

“என்னன்னு?”

“வாய் பேச முடியாத ஒருத்தருக்குத் தோட்டம் வேல குடுத்திருக்காம். மத்த தோட்டமெல்லாம் பார்த்துக் கத்துக்கணுமாம்.”

நான் பலகையை நிமிர்ந்து பார்த்தேன். அது எனக்காக ஒன்றும் பேசவில்லை.

“மானேஜர் என்ன சொன்னாரு?”

“அடுத்த வருஷமும் அந்த அம்மாதானாம். அதுவரைக்கும் ஒங்கள வாய மூடிக்கிட்டு இருக்கச் சொன்னாரு.”

அன்று அக்காவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

“அந்தப் பங்களாதேஷ் தம்பி நெனப்பு இருக்கா சார்? செம்பனக் கொல வெட்டுற பையன். மூணு சனிக்கெழம வந்தான். இங்கிலீஷ்ல என்னமோ கேட்டான். மூணு தடவையும் வெரல வச்சு அனுப்பிட்டீங்க.”

“எனக்கு நினைவில்லையேக்கா.”

“அவனுக்கு இருக்கும். வேல வாங்குற மண்டோர் மலாய்ல கத்துறது புரியலயாம். மலாய் படிக்க புக்கு கேட்டிருக்கான். நாலாவது வாரம் வெளிய வாசப்படியில ஒக்காந்து எங்கிட்ட கேட்டான். நான்தான் படத்தப் பாத்து ஒண்ணு எடுத்துக் குடுத்தேன்.”

புத்தகம் தேடி வந்தவனைத் திருப்பி அனுப்பிய நூலகன். ஆங்கில எழுத்து தெரியாமலே புத்தகம் எடுத்துக் கொடுத்த அக்கா. சம்பளப் பட்டியலில் யார் பெயருக்கு எதிரே என்ன வேலை எழுதியிருக்கிறது என்பதை அன்று நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை. உண்மையிலேயே பேச முடியாத ஒருவருக்குச் சேர வேண்டிய மரியாதையை வேறு வாங்கி வைத்திருந்தேன்.

மறுநாளிலிருந்து மோட்டாரில் ஆங்கிலம் பேச ஆரம்பித்தேன். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டால் அது நல்ல வகுப்பறை. தெமியாங்கிலிருந்து தோட்டம் வரை எனக்கு நானே விசாரணை, எனக்கு நானே பதில். சிவப்பு விளக்கில் பக்கத்து மோட்டார்க்காரர்கள் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்கள். சாயங்காலம் அக்காவோடு பயிற்சி. நான் நீளமாக ஆரம்பித்தால், “சார், அந்தாளுக்கு பஸ்ஸு போயிரும். சுருக்கமா சொல்லுங்க” என்று வெட்டிவிடுவார்.

மறு வருடம் ஆய்வாளர் அம்மா வந்த அன்று காலை, கிராணி ஓடி வந்தான்.

“அண்ணே, ஒரு நாள். ஒரே ஒரு நாள் சும்மா இருங்க. பேசினா ரிப்போர்ட்டு பொய்யாயிரும். ஸ்டோரு இன்னும் ஒழுகிக்கிட்டுத்தான் இருக்கு.”

எனக்கும் பயம்தான். பேசாமல் இருந்தால் அறை நிற்கும். இதைவிட எளிதாக யாரும் ஒரு நூலகத்தைக் காப்பாற்றியிருக்க முடியாது.

அம்மா உள்ளே வந்தார். வாயைத் திறக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை மடக்கி, நீட்டி, நெஞ்சில் தொட்டு, நிதானமாக ஏதோ சொன்னார். எனக்காக சைகை மொழி கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“மேடம், ஐ கேன் ஸ்பீக். லாஸ்ட் இயர் ஐ வாஸ் அஃப்ரெய்ட்.”

அவர் கைகள் அந்தரத்திலேயே நின்றன. வாசலில் கிராணி நெற்றியில் அடித்துக்கொண்டான். அம்மா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். அடங்கியதும் எதிர் நாற்காலியைக் காட்டினார்.

ஒரு மணி நேரம் பேசினோம். தொட்டில் கொக்கிகளைப் பற்றிச் சொன்னேன். மூன்று சனிக்கிழமை வந்தவனைப் பற்றியும் சொன்னேன். அப்போது அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு நடத்த முடியுமா என்றார். ஆங்கிலத்தில் மறுத்துச் சொல்ல நான் இன்னும் பழகியிருக்கவில்லை, “யெஸ்” என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளிலா? “யெஸ்.” மலாயும் சேர்த்தா? “யெஸ், மேடம்.” இப்படியாக அறை தப்பியது, என் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. உர மூட்டைகள் இப்போது தோட்டத்துப் பழைய கிளப் கட்டடத்தில் இருக்கின்றன.

அக்கா வழக்கம்போல அவரைக் கார்வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பி வந்து, துடைப்பத்தை எடுத்தார். ஒரு மணி நேரம் ஆங்கிலம் பேசிய மனிதனால் சும்மா இருக்க முடியுமா?

“என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களாக்கா?”

“சொன்னாங்க சார். போன வருஷம் ‘ரொம்ப படிச்சவரு’ன்னாங்க.”

“இந்த வருஷம்?”

அக்கா குனிந்து பூனையை நகர்த்திவிட்டுக் கூட்ட ஆரம்பித்தார்.

“இந்த வருஷம் ‘ரொம்ப நல்லவரு’ன்னு சொல்லிட்டுப் போனாங்க.”