சொல்லிவிட்டுப் போனவர்களின் புத்தகங்கள்

எங்கள் பல்கலைக்கழக நூலகம் தொடங்கிய புதிதில் அலமாரிகள் வந்துவிட்டன, புத்தகங்கள்தான் வரவில்லை. நூலகரான நான் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். அப்படித்தான் செங்கம் ரோட்டில் வெளிநாட்டவருக்கு அறை வாடகைக்கு விடும் அந்த அம்மாவைச் சந்தித்தேன். பருத்த உடம்பு, நரைத்த புருவம். தங்கியவர்கள் விட்டுச்சென்ற புத்தகங்களை மாதாமாதம் மாடி வெயிலில் காயவைத்து, பூச்சி அண்டாமல் வைத்திருந்தார். ஜெர்மன், பிரெஞ்சு என்று எல்லாம் அவருக்குத் தெரியாத மொழிகள்.

“எடுத்துக்கங்க சார். அவங்க திரும்பி வந்து கேட்டா குடுத்துடுவீங்க இல்ல?”

“நூலக முத்திரை போட்டுட்டா திருப்பித் தர முடியாதும்மா.”

சற்று யோசித்தார். பிறகு ஒவ்வொன்றாக அட்டையைப் பார்த்து இரண்டு அடுக்காகப் பிரித்து, ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

“இவங்கல்லாம் ஒண்ணும் சொல்லாம போனவங்க. அவங்க திரும்பி வரேன்னு சொல்லிட்டுப் போனவங்க. அத மட்டும் தர மாட்டேன்.”

“ரொம்ப வருஷம் ஆயிருக்குமேம்மா?”

“ஆகட்டுமே. வரேன்னுதான சொன்னாங்க, எப்பன்னு சொல்லலையே.”

எங்கள் பிறமொழிப் பிரிவு அவர் தந்த அடுக்கில்தான் தொடங்கியது. அன்று புத்தகங்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் “வரேம்மா” என்றேன். சொன்ன பிறகுதான், இதை அவர் மறக்கவே மாட்டார் என்பது எனக்கு உறைத்தது.