கீழிருந்து ஏறிய இருட்டு

ஏரிக்குள் இறங்கிவிட்டால் செல்லியம்மாவுக்குக் கண்ணே வேண்டாம். கழுத்தளவுத் தண்ணீரில் தவழ்ந்து, சேற்றைத் துழாவி, விரலிடுக்கில் துள்ளும் இறாலைப் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைப் பறிக்குள் போட்டுக்கொண்டே போவாள். பழவேற்காட்டு ஏரியில் அவள் குடியிருப்புப் பெண்கள் வரிசை கட்டி இப்படித்தான் இறால் தடவுவார்கள். அந்த வரிசையில் வேகமான கை அவளுடையது. அதனால்தான் பார்வை போய்க்கொண்டிருப்பதை அவளால் மறைக்க முடிந்தது.

இருந்ததே ஒரு கண். சின்ன வயதில் விறகு ஒடிக்கப் போன இடத்தில் வேலிக்காத்தான் முள் ஏறி, இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. அதன்பிறகு பிறந்த ஊரில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, பூக்கண்ணிதான். அம்மா எங்கே போனாலும் ஆட்டுக்குட்டி போல மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். துளசிங்கத்தைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த அன்றோடு அந்தப் பிடி விட்டது. இனி யாரிடமும் கையைக் கொடுப்பதில்லை என்று செல்லியம்மா வைத்துக்கொண்டாள்.

கடைசி வீட்டில் செங்கல்வராயன் என்று பார்வை போன ஒருவர் இருந்தார். அவர் வாசலிலிருந்து அடிகுழாய் வரைக்கும் நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். பிடித்துக்கொண்டு போவார், வருவார். சோறு யாராவது வைத்துவிடுவார்கள். கயிறு முடிகிற இடத்துக்கு அப்பால் அவருக்கு ஊர் இல்லை. செல்லியம்மா அந்தப் பக்கம் போவதையே நிறுத்தியிருந்தாள்.

முதலில் கண்ணோரத்தில் ஏதோ பளிச் பளிச்சென்று வெட்டியது. பிறகு புகை மூட்டம். சேற்றுத் தண்ணீர் பட்டிருக்கும், தெளிந்துவிடும் என்று நினைத்தாள். முந்தானையைப் பந்தாகச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி, கண்ணில் வைத்து அழுத்தினாள். தெளியவில்லை. அப்புறம் கீழேயிருந்து கறுப்பு ஏறத் தொடங்கியது. அவள் பாதம் மறைந்தது, பிறகு முழங்கால். எதிரே வருகிறவர் முகம் மட்டும் தெரிந்ததால் நிமிர்ந்தே நடந்தாள். திமிர் கூடிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அன்று கரையேறி வந்தவள், நாத்தனார் ராஜம்மா தரம் பிரித்துவைத்திருந்த இறால் கூடைக்குள் நேராகக் காலை விட்டாள்.

“கண்ணு இன்னா பொடனியிலயா கீது? மகாராணி கீழ பாக்க மாட்டாங்களா?”

செல்லியம்மா பறியைப் பல்லிலிருந்து எடுக்கவில்லை. அது வாயில் இருக்கும்வரை பதில் சொல்ல வேண்டியதில்லை.

ராஜம்மா எழுந்து வந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பறியைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, இடுப்புயரத்தில் கையை நீட்டினாள். “குனியாம சொல்லு. எதுனா தெரியுதா?”

“தெரியுது. வெரலு. ரெண்டு வெரலு.”

“நண்டுடி இது.”

ராஜம்மா நண்டைக் கூடையில் எறிந்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். செல்லியம்மா உதறிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அந்தப் பிடி விடவில்லை.

டாக்டர் தேவதர்ஷினி விளக்கடித்துப் பார்த்தார். “உள்ளே ரத்தம் கலங்கியிருக்கு. அதுக்குப் பின்னாடி என்ன ஆச்சுன்னு தெரியல.” கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வைத்துப் பார்க்கிற ஸ்கேன் பெட்டியைக் கட்டிலருகே உருட்டிவரச் சொன்னார்.

“இன்னா டாக்டரம்மா, கண்ணுக்குள்ள புள்ளையா கீது?” என்றாள் ராஜம்மா. வெளியே பெஞ்சில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

டாக்டரும் சிரித்தார். “வெறும் ரத்தம்னா பொறுத்துப் பாக்கலாம். பின்னாடி ஒட்டியிருக்கிற சவ்வு உரிஞ்சிருந்தா இப்பவே மெட்ராசுக்குப் போகணும். விட்டா முழுசும் உரிஞ்சு வந்துடும்.”

மூடிய இமைமேல் ஜில்லென்று பசை விழுந்தது. அதன்மேல் ஏதோ வழுக்கிக்கொண்டு போனது, அழுத்தவில்லை. “மூடினபடியே இடது பக்கம் பாருங்க. இப்ப வலது பக்கம்.” செல்லியம்மா கண்ணை உருட்டினாள். அவள் கண்ணுக்குள்ளே இருப்பதை மற்றவர்கள் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு மட்டும் வழியில்லை. ராஜம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் சாவு வீட்டிலும் வாய் மூடாதவள்.

“அக்கா, இன்னா தெரியுது?”

“கருப்பா உருண்டையா கீது. உள்ள தூசாட்டம் சுத்துது.”

“அவ்ளோதானா?”

“வெள்ளையா ஒரு கோடு கீதுடி. நீ கண்ண உருட்டுனா அதுவும் ஆடுது. பின்னால ஒரு எடத்துல மாட்டிக்கினு ஆடுது.”

டாக்டர் கருவியை எடுத்துவிட்டார். “அதுதான் சவ்வு. மேல்பாதி உரிஞ்சிருக்கு, அதனாலதான் கீழ்ப்பக்கம் இருட்டா தெரியுது. நடுப்பாகம் இன்னும் பிடிச்சிட்டிருக்கிற மாதிரிதான் தெரியுது. அது விடுறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணணும்.”

“வூட்டுக்காரரு வரட்டும். நாளைக்குப் போறேனே.”

“நாளைக்கு அவர் முகம் தெரியணுமா, வேண்டாமா?”

“ஆபரேசன் பண்ணா ஏரியில எறங்கலாமா?” என்றாள் செல்லியம்மா.

“ரொம்ப நாளைக்கு அந்தப் பேச்சே கூடாது.”

போகாவிட்டால் குருடு. போனால் வீட்டுக்குள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் என்று அவளுக்குப் பட்டது. உட்காரலாமென்று தலையைத் தூக்கினாள். டாக்டர் நெற்றியில் கைவைத்து அப்படியே படுக்கவைத்தார். மல்லாந்தே இருக்க வேண்டும், தலையணை கூடாது, குனியக் கூடாது.

ஆம்புலன்ஸில் ஏற்றிப் பட்டையைப் போட்டு இறுக்கினார்கள். துளசிங்கத்தின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடலுக்குப் போனவன் எடுக்கவில்லை. வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போட்டபோது, கண்ணுக்குள் அந்தக் கோடு ஆடுவதாக நினைத்துச் செல்லியம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ராஜம்மா குனிந்து முகத்தை நேரே கொண்டுவந்தாள். “என் மூஞ்சி தெரியுதா?”

“மூக்குக்கு மேல தெரியுது.”

“வாய் தெரியல இல்ல? நிம்மதியா இரு.”

செல்லியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தலை அசையும் என்று அடக்கிக்கொண்டாள்.

வண்டி நின்றது. ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். டிரைவர் சைரனை அலறவிட்டார்; முன்னால் லாரிகள், நகர இடமில்லை. ராஜம்மா மறுபடியும் குனிந்தாள்.

“இப்போ?”

புருவம் தெரிந்தது. நெற்றிப்பொட்டு தெரிந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தை அவள் தேடினாள்.

“சொல்லுடி, இப்போ?”

“ரயிலு வந்துச்சா அக்கா?” என்றாள் செல்லியம்மா.